செங்கத்துச் சாமைக்கு ஒரு பெயர்: சோஷியல் மீடியா வழியே உங்கள் சிறுதொழிலை வளர்ப்பது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் முதல் மாதம் என்ன நடக்கும்? பிள்ளைகள் கேம்ஸ் விளையாடுவார்கள். பெரியவர்கள் பழைய பாட்டுக் கேட்பார்கள். இரண்டாம் மாதம் வீட்டுக்காரர் மெல்லக் கேட்பார்: "இவ்வளவு பணம் போட்டு வாங்கியிருக்கிறோமே, இதை வைத்து நம் கடைக்கு ஏதாவது செய்ய முடியாதா?"

முடியும். அதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம். உங்களுக்கு புரோகிராமிங் தெரிய வேண்டாம், டிசைனிங் தெரிய வேண்டாம். மவுஸைப் பிடிக்கத் தெரிந்தால் போதும். பொறுமை மட்டும் கொஞ்சம் அதிகமாக வேண்டும்.

பாடம் எளிதாகப் புரிய ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். திருவண்ணாமலை மாவட்டத்தில், ஜவ்வாதுமலை அடிவாரத்தில் இருக்கும் செங்கம். மலையில் சாமை விளைகிறது. தேன், புளி, சீத்தாப்பழம் எல்லாம் உண்டு. செங்கம் கடைவீதியில் சாமை அரிசியும் மலைத்தேனும் விற்கும் ஒரு சிறிய கடை உங்களுடையது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஊறுகாய் போடுபவராகவோ, ரவிக்கை தைப்பவராகவோ, நாற்றுப் பண்ணை வைத்திருப்பவராகவோ இருக்கலாம். சாமை என்று வரும் இடத்தில் உங்கள் பொருளின் பெயரைப் போட்டுப் படியுங்கள்.

பெயர் இல்லாத மூட்டை

மலையிலிருந்து சாமை எப்படி இறங்குகிறது? மூட்டையாக. மூட்டைக்குப் பெயர் கிடையாது. எந்த ஊர் நிலம், யார் விதைத்தது, எப்போது அறுத்தது என்று யாருக்கும் தெரியாது. சந்தையில் அன்றைய விலை என்னவோ அதுதான். அதே சாமை நகரத்துக்குப் போய், உமி நீக்கி, அழகான பாக்கெட்டில் ஒரு பெயரோடு அலமாரியில் ஏறும்போது விலை கூடிவிடுகிறது. கூடிய விலையில் உமி நீக்கிய கூலி ஒரு பங்கு, பாக்கெட் ஒரு பங்கு, மீதி அந்தப் பெயருக்கு.

பிராண்ட் என்பது இதுதான். லோகோவோ கலர் பேப்பரோ அல்ல. "இந்தப் பெயர் போட்டிருந்தால் நம்பி வாங்கலாம்" என்று ஒருவர் மனதில் பதிவதுதான் பிராண்ட். 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதன்பின் சாமையைத் தேடுபவர்கள் நகரங்களில் உண்டு. தேடுபவருக்கு உங்கள் பெயர் தெரிந்தால் லாபம் உங்களுக்கு. தெரியாவிட்டால் பாக்கெட் போட்ட வேறு யாருக்கோ.

செங்கத்துக்கு இது புதிதல்ல

சங்க இலக்கியத்தில் பத்துப்பாட்டில் ஒன்று மலைபடுகடாம். அதன் பாட்டுடைத் தலைவன் நன்னன், செங்கண்மா என்ற ஊரை ஆண்டவன். அந்தச் செங்கண்மாதான் இன்றைய செங்கம் என்பார்கள். பாடியவர் பெருங்கௌசிகனார். இந்த நூல் என்ன செய்கிறது தெரியுமா? நன்னனிடம் பரிசு வாங்கித் திரும்பும் கூத்தர் ஒருவர், எதிரே வரும் இன்னொரு கூத்தரிடம், "நீங்களும் அவனிடம் போங்கள், வழி இப்படி, வழியில் இன்னின்னார் தினைச்சோறு போடுவார்கள், இந்த இடத்தில் கவனமாக நடங்கள்" என்று விவரமாகச் சொல்கிறார். இந்த வகைக்கு ஆற்றுப்படை என்று பெயர்.

நன்னன் தன்னைப் பற்றித் தானே எதுவும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அவனிடம் நல்லது பெற்றவர் அடுத்தவரிடம் சொல்கிறார். அதுவும் "நல்ல மன்னன்" என்று பொதுவாகச் சொல்லாமல், பாதை, ஆபத்து, சாப்பாடு என்று நேரில் பார்த்ததைச் சொல்கிறார். அதனால்தான் கேட்பவருக்கு நம்பிக்கை வருகிறது. சோஷியல் மீடியாவில் நாம் செய்ய வேண்டியதும் இதே வேலைதான். நம்மிடம் வாங்கியவர் அடுத்தவருக்குச் சொல்லும்படி நடந்துகொள்வது. அவர் சொல்வதற்கு வசதி செய்து கொடுப்பது.

நம் காலத்து உதாரணம் ஒன்று

புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் 2018-ல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனலை நீங்கள் யூடியூபில் பார்த்திருப்பீர்கள். தாத்தா பெரியதம்பியும் பேரன்மார்களும் வயல்வெளியில் அடுப்பு மூட்டிச் சமைப்பார்கள். 2021 ஜூலையில் இந்தச் சேனல் 1 கோடி சப்ஸ்கிரைபர்களைத் தொட்டது. அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் தமிழ் சேனல் இதுதான்.

இவர்கள் ஸ்டூடியோ கட்டவில்லை. அதே வயல், அதே ஆட்கள், அதே உரத்த வரவேற்பு. எந்த வீடியோவைத் திறந்தாலும் ஐந்தே விநாடியில் யாருடையது என்று தெரிந்துவிடும். மாறாத தன்மைதான் அங்கே பிராண்ட். தங்களிடம் இல்லாததைக் காட்ட அவர்கள் முயலவில்லை; இருப்பதை ஒழுங்காகக் காட்டினார்கள்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. அவர்களுக்குப் பார்வையாளர்தான் வருமானம். உங்களுக்குச் சாமை விற்றால்தான் வருமானம். லட்சம் பேர் பார்த்து ஒருவரும் வாங்காவிட்டால் பயனில்லை. மாதந்தோறும் தவறாமல் வாங்கும் 200 குடும்பங்கள் கிடைத்தால் ஒரு சிறிய கடைக்கு அது பெரிய பலம். எனவே லைக் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம்.

சரி, இப்போது வேலையைத் தொடங்கலாமா?

படி 1: பெயரை முடிவு செய்யுங்கள்

சொல்ல எளிதாக, ஒருமுறை கேட்டாலே நினைவில் நிற்பதாகப் பெயர் இருக்க வேண்டும். போனில் சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் தப்பில்லாமல் எழுத வேண்டும். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரே ஸ்பெல்லிங்கை எல்லா இடத்திலும் வையுங்கள். வாட்ஸ்அப்பில் ஒன்று, ஃபேஸ்புக்கில் வேறொன்று, பாக்கெட்டில் இன்னொன்று என்று இருந்தால், உங்களைத் தேடுபவர் மூன்று வெவ்வேறு கடை என்று நினைத்துக்கொள்வார். பெயரை முடிவு செய்வதற்கு முன் கூகுள், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப் நான்கிலும் தேடிப் பாருங்கள். வேறு யாராவது வைத்திருந்தால் விட்டுவிடுங்கள்.

பெயரோடு ஊரைச் சேர்ப்பது நல்லதுதான். ஆனால் ஊர்ப்பெயர் ஒரு வாக்குறுதி. "ஜவ்வாதுமலை சாமை" என்று எழுதிவிட்டு வேறு மாநிலத்துச் சரக்கைக் கலந்து விற்றால், வெளியே தெரிந்த நாளில் கெடுவது உங்கள் பெயர் மட்டுமல்ல. மலையில் உழைக்கும் அத்தனை பேரின் பெயரும் கெடும். கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மாதிரிக் குறியீடு தனி ஒரு கடைக்குச் சொந்தமில்லை. அந்த ஊர்த் தயாரிப்பாளர்கள் எல்லாருக்கும் பொதுச் சொத்து. உங்கள் கடைப்பெயர் உங்களுடையது. ஊர்ப்பெயர் எல்லாருடையது. இந்த வேறுபாட்டை மறக்க வேண்டாம்.

படி 2: படங்களுக்கு ஓர் ஒழுங்கு

போனில் எடுத்த படங்கள் போனிலேயே கிடந்தால் தேவைப்படும்போது கிடைக்காது. கம்ப்யூட்டர் இங்கேதான் உதவும்.

1. போனை யூஎஸ்பி கேபிள் மூலம் கம்ப்யூட்டரில் இணையுங்கள். போன் திரையில் தோன்றும் அறிவிப்பில் ஃபைல் டிரான்ஸ்ஃபர் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.
2. கம்ப்யூட்டரில் திஸ் பிசி என்பதைத் திறந்தால் உங்கள் போனின் பெயர் தெரியும். அதை டபுள் கிளிக் செய்து, டிசிஐஎம் என்ற போல்டருக்குள் இருக்கும் கேமரா போல்டரைத் திறங்கள்.
3. வேண்டிய படங்களைக் கன்ட்ரோல் கீயை அழுத்தியபடி ஒவ்வொன்றாகக் கிளிக் செய்து தேர்ந்தெடுங்கள். கன்ட்ரோல் + சி அழுத்துங்கள்.
4. பிக்சர்ஸ் போல்டருக்குள் "கடை" என்று ஒரு போல்டர் உருவாக்கி, அதற்குள் "பொருள்", "மலை", "வாடிக்கையாளர்", "சமையல்" என நான்கு போல்டர்கள் போடுங்கள். உரிய போல்டரைத் திறந்து கன்ட்ரோல் + வி அழுத்துங்கள்.

படம் எடுப்பதற்கு விலை உயர்ந்த கேமரா தேவையில்லை. காலை வெயிலில், ஜன்னல் ஓரமாக, ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். சாமையைப் பாக்கெட்டில் மட்டும் காட்டாமல் உள்ளங்கையில் வைத்தும் எடுங்கள். அது எவ்வளவு சிறிய தானியம் என்பது அப்போதுதான் நகரத்தில் இருப்பவருக்குத் தெரியும்.

டிப்ஸ்: கூகுளில் கிடைக்கும் வயல் படத்தை எடுத்து "எங்கள் வயல்" என்று போடாதீர்கள். அது அடுத்தவர் உழைப்பு, காப்புரிமைப் பிரச்னையும் வரும். உங்கள் மங்கலான படமே மேல்.

படி 3: தமிழில் டைப் செய்யுங்கள்

விண்டோஸ் 11-ல் தமிழ் கீபோர்டு உள்ளேயே இருக்கிறது. தனியாக எதையும் டவுன்லோட் செய்ய வேண்டாம். செட்டிங்ஸ் திறந்து, டைம் அண்ட் லேங்குவேஜ், அதற்குள் லேங்குவேஜ் அண்ட் ரீஜன் செல்லுங்கள். ஆட் எ லேங்குவேஜ் என்பதைக் கிளிக் செய்து தமிழைச் சேருங்கள். பிறகு தமிழுக்கு எதிரே உள்ள மூன்று புள்ளியைக் கிளிக் செய்து லேங்குவேஜ் ஆப்ஷன்ஸ் சென்றால், ஆட் எ கீபோர்டு என்று இருக்கும். அங்கே தமிழ்99, அஞ்சல் இரண்டும் கிடைக்கும். ஒலிப்பு முறையில் ஆங்கில எழுத்தில் அடித்துப் பழகியவர்கள் அஞ்சலைத் தேர்ந்தெடுக்கலாம். புதிதாகக் கற்பவர்கள் தமிழ்99 கற்றால் வேகம் கிடைக்கும். விண்டோஸ் கீயையும் ஸ்பேஸ்பாரையும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறலாம்.

இவை யூனிகோட் முறையில் எழுதும். எனவே நீங்கள் எழுதியது எந்தப் போனிலும் சரியாகத் தெரியும். டிடிபி சென்டரில் பழைய எழுத்துருவில் அடித்து வாங்கிய வாசகத்தை அப்படியே ஒட்டினால் புரியாத குறிகளாக வரும். அது கம்ப்யூட்டர் கோளாறு அல்ல, எழுத்துரு வேறுபாடு.

படி 4: வாட்ஸ்அப் பிசினஸ்

சோஷியல் மீடியாவில் எதை முதலில் தொடங்குவது என்று கேட்டால், என் பதில் வாட்ஸ்அப் பிசினஸ். காரணம், உங்கள் வாடிக்கையாளர் ஏற்கெனவே அங்கே இருக்கிறார். 2018-ல் வந்த இந்த ஆப் இலவசம். கடைக்கென ஒரு தனி சிம் வாங்கி அந்த எண்ணில் தொடங்குங்கள். சொந்தப் பேச்சும் கடைப் பேச்சும் கலக்காது.

தொடங்கியதும் செய்ய வேண்டியவை:

1. பிசினஸ் புரொஃபைலில் கடையின் பெயர், முகவரி, திறந்திருக்கும் நேரம் ஆகியவற்றை நிரப்புங்கள்.
2. கேட்டலாக் பகுதியில் ஒவ்வொரு பொருளுக்கும் படம், எடை, விலை போடுங்கள். "விலைக்குக் கேளுங்கள்" என்று எழுதாதீர்கள். விலை தெரியாவிட்டால் பாதிப்பேர் கேட்காமலே போய்விடுவார்கள்.
3. குயிக் ரிப்ளை பகுதியில், திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்குப் பதிலை எழுதி வையுங்கள். கூரியர் கட்டணம், அனுப்பும் நாள், சாமை சமைக்கும் அளவு போன்றவை.
4. லேபிள் அல்லது லிஸ்ட் என்ற வசதி மூலம் "புது ஆர்டர்", "பணம் வந்தது", "அனுப்பியாச்சு" என்று அடையாளமிடுங்கள்.

இதையெல்லாம் சின்னப் போன் திரையில் செய்வது சிரமம். கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்து வெப்.வாட்ஸ்அப்.காம் செல்லுங்கள். திரையில் ஒரு க்யூஆர் கோடு தோன்றும். போனில் வாட்ஸ்அப் செட்டிங்ஸில் லிங்க்டு டிவைசஸ் சென்று, லிங்க் எ டிவைஸ் கொடுத்து, அந்தக் கோடை ஸ்கேன் செய்யுங்கள். இனி கீபோர்டில் அடித்துப் பதில் சொல்லலாம். பிரவுசிங் சென்டரில் இப்படிச் செய்தால் வேலை முடிந்ததும் லாக் அவுட் செய்ய மறக்காதீர்கள்.

பிராட்காஸ்ட் லிஸ்ட் மூலம் ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பலாம். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். எனவே பார்சலிலேயே ஒரு சீட்டு வையுங்கள்: "புதுச் சாமை வந்ததும் தகவல் வேண்டுமா? இந்த எண்ணைச் சேமித்து, 'வேண்டும்' என்று அனுப்புங்கள்." கேட்டவருக்கு மட்டும் அனுப்புங்கள். தினமும் குட்மார்னிங் அனுப்பினால் உங்களை பிளாக் செய்துவிடுவார்கள்.

படி 5: கூகுள் மேப்பில் உங்கள் கடை

திருவண்ணாமலைக்கு வருகிறவர்கள் பலர் பெங்களூர் பக்கமிருந்து செங்கம் வழியாகத்தான் வருகிறார்கள். காரில் இருப்பவர் போனில் "அருகில் சிறுதானியக் கடை" என்று தேடினால் உங்கள் கடை தெரிய வேண்டாமா? அதற்குத்தான் கூகுள் பிசினஸ் புரொஃபைல். இலவசம்தான். உங்கள் கூகுள் கணக்கில் நுழைந்து கடையின் பெயர், வகை, இடம், போன் எண் கொடுங்கள். கடை உண்மையானதுதானா என்று கூகுள் சரிபார்க்கும். பெரும்பாலும் கடையின் பெயர்ப்பலகை, தெரு, உள்ளே இருக்கும் பொருள்கள் ஆகியவற்றை ஒரு வீடியோவாக எடுத்துக் காட்டச் சொல்லும்.

வாங்கிப் போனவர்களிடம் "உங்கள் அனுபவத்தை இரண்டு வரி எழுதுங்களேன்" என்று கேளுங்கள். காசு கொடுத்தோ, உறவினர்களை வைத்தோ பொய்யாக எழுதவைக்காதீர்கள். கூகுள் அவற்றை நீக்கிவிடும், படிப்பவர்களும் கண்டுபிடித்துவிடுவார்கள். யாராவது குறை எழுதினால் கோபப்படாமல், என்ன நடந்தது, என்ன செய்து சரிசெய்தீர்கள் என்று அங்கேயே பதில் எழுதுங்கள். புதிதாக வருபவர்கள் குறையைவிட உங்கள் பதிலைத்தான் உற்றுப் பார்ப்பார்கள்.

படி 6: ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப்

மூன்றையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். ஒன்றை மூன்று மாதம் ஒழுங்காக நடத்தியபின் அடுத்ததற்குப் போங்கள். ஃபேஸ்புக் பேஜும் இன்ஸ்டாகிராமும் வைத்திருந்தால், கம்ப்யூட்டரில் மெட்டா பிசினஸ் சூட் மூலம் ஒரு வாரத்துப் பதிவுகளை ஞாயிற்றுக்கிழமையே எழுதி, நாளும் நேரமும் குறித்துவிடலாம். கடையில் கூட்டமாக இருக்கும் நாளிலும் பதிவு தானாகப் போய்விடும்.

"தினமும் என்ன எழுதுவது?" என்பதுதான் எல்லாருக்கும் வரும் கேள்வி. வாரத்துக்கு மூன்று போதும். இந்த நான்கு வகையை மாற்றி மாற்றிப் போடுங்கள்.

விளையும் இடம்: சாமை விதைப்பு, கதிர், அறுவடை, களம், உமி நீக்கும் வேலை. சாமையின் உமி கெட்டியானது, அதை நீக்குவதுதான் பெரிய பாடு என்பது நகரத்தில் பலருக்குத் தெரியாது. ஒரு நிமிட வீடியோவில் காட்டுங்கள். படம் எடுக்குமுன் வேலை செய்பவரிடம் அனுமதி கேளுங்கள். மலைவாழ் மக்களை வேடிக்கைப் பொருளாகக் காட்டாதீர்கள்; அவர்கள் உங்கள் தொழில் பங்காளிகள்.

பயன்படுத்தும் முறை: ஒரு பங்கு சாமை அரிசிக்கு இரண்டு அல்லது இரண்டரைப் பங்கு தண்ணீர். சாமைப் பொங்கல், சாமை உப்புமா, சாமைத் தயிர்சாதம். வாங்கியவருக்குச் சமைக்கத் தெரியாவிட்டால் மறுபடி வாங்க மாட்டார்.

சந்தேகமும் பதிலும்: கடைக்கு வருபவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் ஒரு பதிவு.

ஊர்ச் செய்தி: செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பேர்போனது. எடுத்தனூர் நடுகல்லில், தன் எசமானனுக்காகக் கள்ளர்களோடு போராடிய கோவிவன் என்ற நாய்க்கும் இடம் உண்டு. மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது அது. இந்த மாதிரிச் செய்திகளைப் படிக்க வருபவர்களில் சிலர் உங்கள் சாமையையும் பார்ப்பார்கள்.

பதில் சொல்வதுதான் பிராண்ட்

ஒரு வாடிக்கையாளர் இப்படி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம்: "அண்ணே, போன மாசம் வாங்கின தேன் அடியில கட்டியா உறைஞ்சு போச்சு. சர்க்கரைப் பாகு கலந்துட்டீங்களா?"

"எங்கள் தேன் நூறு சதவீதம் சுத்தம்" என்று மட்டும் பதில் போட்டால் சண்டைதான் வரும். இப்படி எழுதிப் பாருங்கள்:

"வணக்கம் அக்கா. நீங்க கேட்டது நல்லதாப் போச்சு. தேன்ல இயற்கையா இருக்கிற குளுக்கோஸ் குளிர் நேரத்துல கட்டியாகும். உறையுறத மட்டும் வச்சு கலப்படம்னும் சொல்ல முடியாது, சுத்தம்னும் சொல்ல முடியாது. பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்ச நேரம் வச்சா இளகிடும். நேரடியா அடுப்புல வைக்காதீங்க. அப்பவும் உங்களுக்குத் திருப்தி இல்லைன்னா திருப்பி அனுப்பிடுங்க, பணத்தை அனுப்பிடறேன்."

இந்தப் பதிலைப் படித்தவர் பெரும்பாலும் தேனைத் திருப்பி அனுப்ப மாட்டார். நாலு பேரிடம் சொல்வார். பெயர் எதுவும் குறிப்பிடாமல் இதையே ஒரு பதிவாகவும் போடலாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் தரக்கூடாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். விற்பனை குறையுமே என்று நினைக்காதீர்கள். வாங்காதே என்று சொல்ல வேண்டிய இடத்தில் சொல்பவரைத்தான் மக்கள் நம்புவார்கள்.

சட்டம் கவனம்

வீட்டில் பாக்கெட் போட்டாலும் உணவுப் பொருள் விற்க எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு வேண்டும். 14 இலக்க எண் கிடைக்கும். அதைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும். எடை, அதிகபட்ச விலை, பாக்கெட் செய்த மாதம், உங்கள் முகவரி, புகாருக்கான தொடர்பு ஆகியவையும் இருக்க வேண்டும். சிறுதொழிலுக்கான உதயம் பதிவை இன்டர்நெட்டிலேயே இலவசமாகச் செய்யலாம். யாராவது கட்டணம் கேட்டால் அந்த இணையதளத்தை மூடிவிடுங்கள்.

இன்னொன்று மிக முக்கியம். "சாமை சாப்பிட்டால் சர்க்கரை நோய் குணமாகும்" என்று எழுதவே எழுதாதீர்கள். சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். உங்கள் வரியை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? "நார்ச்சத்து உள்ள சிறுதானியம்" என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

விளம்பரத்துக்குப் பணம் போடலாமா?

போடலாம், கணக்குப் பார்த்து. புரிவதற்காக ஒரு கணக்கு. 500 ரூபாய்க்கு விளம்பரம் கொடுக்கிறீர்கள். 20 பேர் விசாரிக்கிறார்கள். 5 பேர் ஆளுக்கு ஒரு கிலோ வாங்குகிறார்கள். கிலோவுக்கு எல்லாச் செலவும் போக லாபம் 40 ரூபாய் என்றால், கிடைத்தது 200. அதாவது 300 ரூபாய் நஷ்டம்.

ஆனால் அந்த 5 பேரில் 3 பேர் அடுத்த மாதம் முதல் ஆளுக்கு 2 கிலோ வாங்கினால் மாத லாபம் 240. இரண்டு மாதத்தில் நஷ்டம் தீர்ந்து 180 ரூபாய் மிஞ்சும். ஆக, லாபம் விளம்பரத்தில் இல்லை. திரும்ப வருபவரிடம் இருக்கிறது. முதல் ஆர்டரில் மட்டமான பொருளை அனுப்பிவிட்டு எவ்வளவு விளம்பரம் செய்தாலும் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

ஏமாறாமல் இருக்க

1. போனுக்கு வரும் ஆறு இலக்கக் குறியீட்டை யாருக்கும் சொல்லாதீர்கள். சொன்னால் உங்கள் வாட்ஸ்அப்பே கைமாறிவிடும். செட்டிங்ஸில் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனை இயக்குங்கள்.
2. "பணம் அனுப்பிவிட்டேன்" என்று வரும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பொருளை அனுப்பாதீர்கள். உங்கள் வங்கிக் கணக்கில் வந்ததா என்று பாருங்கள்.
3. யூபிஐயில் பணம் பெறுவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. கேட்டால் அது மோசடி.
4. ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

அடுத்தவர் நிலத்தில் கட்டிய வீடு

கடைசியாக ஒன்று. ஆர்குட் ஞாபகம் இருக்கிறதா? 2014 செப்டம்பரில் மூடப்பட்டது. டிக்டாக்கில் கடை விரித்தவர்கள் 2020 ஜூனில் இந்தியாவில் அது தடை செய்யப்பட்டபோது ஒரே இரவில் எல்லாரையும் இழந்தார்கள். கூகுள் பிசினஸ் புரொஃபைலோடு இலவசமாகக் கிடைத்துவந்த வெப்சைட்டுகள் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டன. சோஷியல் மீடியா நமக்குச் சொந்தமில்லை. வாடகை இல்லாத கடை. காலி செய்யச் சொல்ல முன்னறிவிப்பும் தேவையில்லை.

எனவே வாடிக்கையாளர் பட்டியலை உங்கள் கம்ப்யூட்டரில் வையுங்கள். எக்செல் திறந்து பெயர், போன் எண், ஊர், வாங்கிய பொருள், தேதி, சொன்ன கருத்து என ஆறு காலம் போடுங்கள். தினமும் கடை சாத்துமுன் அன்றைய ஆர்டர்களை ஏற்றிவிடுங்கள். வாரம் ஒருமுறை பென் டிரைவில் ஒரு பிரதி எடுங்கள். படங்களுக்கும் அப்படியே. மக்கள் நம்பிக் கொடுத்த எண்கள் அவை. யாருக்கும் விற்காதீர்கள், கொடுக்காதீர்கள். ஃபேஸ்புக் நாளை இல்லாவிட்டாலும் இந்தப் பட்டியல் இருந்தால் உங்கள் கடை இருக்கும்.

இந்த மாதப் பயிற்சி

முதல் வாரம்: பெயர் முடிவு செய்து, படங்களைப் போல்டரில் அடுக்குங்கள். தமிழ் கீபோர்டில் தினம் பத்து வரி அடித்துப் பழகுங்கள்.
இரண்டாம் வாரம்: வாட்ஸ்அப் பிசினஸ் தொடங்கிக் கேட்டலாக்கில் ஐந்து பொருள்களை மட்டும் ஏற்றுங்கள்.
மூன்றாம் வாரம்: கூகுள் மேப்பில் கடையைச் சேருங்கள்.
நான்காம் வாரம்: பழைய வாடிக்கையாளர் பத்துப் பேரிடம், "எங்கள் பொருளில் என்ன குறை?" என்று கேட்டு எழுதி வையுங்கள். நிறையைப் பிறகு கேட்கலாம்.

முதல் மாதத்தில் பெரிய விற்பனையை எதிர்பார்க்காதீர்கள். சாமைகூட விதைத்த மறுநாள் அறுப்புக்கு வருவதில்லை. ஆனால் என்றாவது ஒரு நாள், முன்பின் தெரியாத ஒருவர், "எங்க அண்ணி உங்ககிட்ட வாங்கினாங்களாம், எனக்கும் ரெண்டு கிலோ அனுப்புங்க" என்று எழுதுவார். அந்தச் செய்தி வந்த அன்று, உங்கள் மூட்டைக்குப் பெயர் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள். வாழ்த்துகள்!